நர்ஸை நர்ஸ் வேலை பார்க்க விடுங்கள்: வேலூர் மாவட்டச் சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சுகர், மாமியாருக்குச் சுகரும் பி.பி.யும். கேட்க வருவது ஒரே விஷயம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பி.பி. போன்ற தொற்றா நோய்களுக்கென்று போட்டிருக்கிற செவிலியரை அந்த வேலையிலேயே இருக்க விடுங்கள். கூடவே அவர் கையில் கொஞ்சம் அதிகாரமும் கொடுங்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்களைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் மாத்திரைக்காக வரிசையில் நின்றால் பாதி நாள் கூலி போச்சு. 2024-ல் அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் மாத்திரை வீடு வந்து சேர்ந்தால் மட்டும் பி.பி. இறங்கிவிடாது. என் மாமியார் ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்த 5 மில்லிகிராம் அம்லோடிபினையே இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் 160-க்கு மேல். டாக்டரைக் குறை சொல்லவில்லை. காய்ச்சல், நாய்க்கடி, கர்ப்பிணிகள் என்று ஓ.பி.யில் அவ்வளவு கூட்டம். நோட்டைப் பார்த்து 'அதே மாத்திரை' என்று எழுத மட்டுமே அவருக்கு நேரம் இருக்கிறது.

இங்கேதான் நர்ஸ் வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்தவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் பி.பி. ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பேசவிடாமல், இரண்டு தடவை பார்க்க வேண்டும். சுகர்காரர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்தாலே உணர்ச்சி போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். விரலை எடுக்க வேண்டிய நிலைமை வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடிக்கலாம். அப்புறம் இன்சுலின். கத்திரி வெயிலில், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அதை எங்கே வைப்பது? ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னப் பானையை இறக்கி அதில் வைக்கலாம் என்று யாராவது செய்து காட்ட வேண்டும். களி விஷயமும் இருக்கிறது. 'கேழ்வரகு சுகருக்கு நல்லது' என்று கேட்டதும் எங்கள் ஊரில் இரண்டு உருண்டை மூன்றாகிவிட்டது! கேழ்வரகிலும் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட மாவுச்சத்துதான். 'அரை உருண்டை போதும், கீரையை அள்ளிப் போட்டுக்கோங்க' என்று ஊர் தெரிந்த நர்ஸம்மா சொன்னால் அம்மா கேட்பார். நான் சொன்னால் கேட்க மாட்டார்.

எங்கள் நிலையத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார், நல்லவர். ஆனால் ஒரு நாள் தடுப்பூசி முகாம், ஒரு நாள் பிரசவ அறை, மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவு. நோயாளி முகத்தைப் பார்க்கவே அவருக்கு நேரமில்லை.

அதிகாரம் என்று சொன்னேன். நோயைக் கண்டுபிடிப்பதும் முதல் மருந்தை எழுதுவதும் டாக்டர் வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்தடுத்து எப்போது, எவ்வளவு மருந்தைக் கூட்டுவது என்பதை நெறிமுறையாக எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதன்படி நர்ஸ் கூட்டலாம். நெஞ்சுவலி, கர்ப்பம், கிரியாட்டினின் ஏற்றம் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி), சுகர் அடிக்கடி 70-க்குக் கீழே இறங்குவது என்றால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும், தேவைப்பட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. இதில் புதிதாக ஒன்றுமில்லை. முதல்நிலை மருத்துவத்தில் டாக்டர் இடத்தில் நர்ஸ் பார்த்தால் என்ன ஆகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2018-ல் வந்தது. பலன் குறையவில்லை, பி.பி. கட்டுப்பாட்டில் நர்ஸ்கள் கொஞ்சம் மேலாகவே செய்திருக்கிறார்கள். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவும், உரிய உரிமம் பெற்ற சமுதாயச் சுகாதாரப் பணியாளர் குறிப்பிட்ட சில மருந்துகளை எழுத இடம் தருகிறது. அவ்வளவு தூரம்கூடப் போகச் சொல்லவில்லை, டாக்டரின் மேற்பார்வையில் செய்தால் போதும்.

அதுவும் இந்த மாவட்டத்தில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் ஆதங்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நர்ஸிங் பள்ளி 1909-லேயே வந்துவிட்டது, பட்டப்படிப்பு 1946-ல். கே.வி.குப்பத்தில் அவர்களுடைய ருஷா என்ற கிராமச் சுகாதார மையம் 1977 முதல் இருக்கிறது. கிராமத்துக்கு வரும் நர்ஸை நம்பி எங்களுக்குப் பழக்கம்தான்.

வாரத்தில் ஒரு நாளாவது சுகர், பி.பி. கிளினிக்கை மாலையில் வையுங்கள். தோல் ஷாப்புக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் அப்போதுதான் வர முடியும். அந்த நாளில் அந்த நர்ஸுக்கு வேறு டியூட்டி போடாதீர்கள், பதிவு வேலைக்குத் தனி ஆள் கொடுங்கள். இன்னொன்று: எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற கணக்கோடு, எத்தனை பேருக்கு பி.பி. 140/90-க்குக் கீழே வந்திருக்கிறது என்ற கணக்கையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். முதல் தடவை அந்த எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். பரவாயில்லை, ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டத்திலிருந்து ஒரு மகன், மருமகன்