புது கிளட்ச் மாட்டிய பிறகும் தொல்லையா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வண்டி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். "கிளட்ச் செட்டே புதுசு, ஆனா கியர் விழ மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு பிக்கப் வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. சில நாங்களே மாட்டியவை, சில வெளியே மாட்டியவை. வந்தவுடன் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பொருள் சரியில்ல, கியர்பாக்ஸை இறக்குங்க." இறக்கி ஏற்றினால் உங்களுக்கு ஒரு நாள் லோடு போச்சு. காரணம் வெளியே இருந்தால் அந்த நாளும் வீண், கூலியும் வீண். அதனால்தான் இந்த மடல்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டி ஒன்று வந்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கிளட்ச் மாற்றிய சந்தோஷத்தில் வண்டிக்காரர் கேபினுக்குப் புதிதாக ஒரு கனமான ரப்பர் பாய் போட்டிருக்கிறார். பெடல் அடி வரை போகாமல் அது மறித்துக்கொண்டிருந்தது. கூலி வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

கியர் விழவில்லை என்றால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜினை ஐடிலில் விட்டு, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுதாக மிதியுங்கள். ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். கடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை, அதாவது இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸைப் பிரிக்கவில்லை என்று அர்த்தம். இன்ஜினை அணைத்துவிட்டும் கியர் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கியர் கேபிளையோ லிங்க்கையோ பார்க்க வேண்டும், கிளட்சைத் திட்டிப் பயனில்லை.

ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் பிரஷரில் வேலை செய்வது) வண்டியாக இருந்தால் பெடலை மூன்று நான்கு முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். இப்போது சுலபமாக விழுந்தால், லைனில் காற்று இருக்கிறது, அல்லது பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டரோ கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரோ பிரஷரைத் தாங்கவில்லை. ஏர் எடுத்தாலே பாதி வண்டி சரியாகிவிடும். கிளட்ச் ஆயில் குறைந்திருந்தால் மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) எண்ணைப் பார்த்து அதே வகையை ஊற்றுங்கள். கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அப்புறம் இரண்டு சிலிண்டரையும் மாற்ற வேண்டியதுதான். கேபிள் வண்டி என்றால் ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, பார்க்க வேண்டும். அது அதிகமானால் கிளட்ச் விடாது. அறவே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், புது பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று சந்தேகம் வந்தால், காலியான நேர் ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் மட்டும் கத்தி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல்தான். ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டை எரித்துவிடும்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம். ஏற்றும்போது கியர்பாக்ஸ் கனத்தைப் பிளேட்டின் மேல் தொங்கவிட்டதில் அது வளைந்திருக்கலாம். பிளேட் மாட்டும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்லில் துரு இருந்து பிளேட் நகராமல் ஒட்டியிருக்கலாம். இவை மாட்டியவர் செய்த தப்பு. நாங்கள் மாட்டியதாக இருந்தால் கூலி இல்லாமல் இறக்கிச் சரிசெய்வோம்.

அடுத்து உதறல். வண்டி கிளம்பும்போது முன்னும் பின்னும் உதறி உதறிப் புறப்படும். இதில் எங்கள் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் லோடு இருக்கிறது என்று ஒருவர் அவசரப்படுத்தினார். பிளைவீலில் (கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம்) நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள் இருந்தன. பார்த்தும், லேத்துக்கு அனுப்பாமல் மேலாக உப்புத்தாள் போட்டு மாட்டிவிட்டோம். பழனி ரோட்டில் பெருமாள்மலை ஏறும்போது வண்டி உதறிய உதறலில் ஏற்றியிருந்த கூடைகளே சரிந்தன என்றார். மறுபடி இறக்கி, லேத்தில் முகத்தைச் சமமாகச் சீவி (பேஸிங் போட்டு) எங்கள் செலவில் மாட்டினோம். அன்று முதல் பிளைவீலின் போட்டோவை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கியர்பாக்ஸ் ஏற்றுவதில்லை. நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக வரும் டூயல் மாஸ் பிளைவீலை மட்டும் லேத்தில் போடுவதில்லை, கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

உதறலுக்கு இன்னொரு காரணம் எண்ணெய். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்புற ஆயில் சீல் கசிந்தாலும், மாட்டியவர் ஷாஃப்ட் பல்லில் கிரீஸை அள்ளிப் பூசியிருந்தாலும் அது சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் படியும். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மாட்டச் சொல்லாதீர்கள். சூடானதும் ஊறியது மறுபடி வெளியே வரும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல் வரும் என்பதால் முதலில் அதைத்தான் பார்ப்போம், அதற்கு எதையும் இறக்க வேண்டியதில்லை.

சத்தம் பற்றி ஒரு வரி. பெடலை மிதித்தால் வரும் சத்தத்துக்கு முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல். நியூட்ரலில் வந்து, மிதித்தால் நிற்கும் சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங்.

புது கிளட்சில் முதல் இரண்டு மூன்று நாள் லேசான வாடையும், பெடலில் பிடிக்கும் இடம் மாறுவதும் இயல்பு. முதல் 500 கிலோமீட்டருக்கு முழு லோடும் மலை ஏற்றமும் வேண்டாம். மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தாமல் ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

வண்டியைக் கொண்டுவரும்போது ஓட்டுநரையே அனுப்புங்கள். எந்தக் கியரில், குளிர்ந்த இன்ஜினிலா சூடானதிலா, காலியிலா லோடிலா என்று அவரால்தான் சொல்ல முடியும். பழைய பிளேட்டும் பேரிங்கும் இருந்தால் சாக்கில் போட்டுக் கொண்டு வாருங்கள், பழையதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காலை ஒன்பது மணிக்குள் வந்தால் ஓட்டிப் பார்த்துச் சொல்வோம். அதற்குக் கூலி கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையிலிருந்து