மகாமகத்துக்கு முன் பட்டறைக் கதவுகள் திறக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. குளம், சாலை, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் என்று என்னென்ன செய்ய வேண்டும் என்பது பற்றி இந்தப் பக்கத்து மக்கள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாமே அவசியம்தான். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சிலை வார்ப்பவர்கள், குத்துவிளக்கு செய்பவர்கள், நாகஸ்வரம் கடைபவர்கள், கோயில் துணியில் சித்திரம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டறைகளை ஆண்டுக்கு இரண்டு நாள், தேதி குறித்து, பொதுமக்களுக்குத் திறந்து வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நான் கேட்பது கடையை அல்ல, பட்டறையை.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாபநாசத்தில் இருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில், தலைமையாசிரியர் அனுமதித்த சனிக்கிழமைகளில் பிள்ளைகளைச் சுவாமிமலைக்கு அழைத்துப் போவேன். முருகன் கோயிலின் அறுபது படிகளையும் ஏறி இறங்கிவிட்டு, தெருவுக்குள் நுழைந்து, எனக்குப் பழக்கமான ஒரு ஸ்தபதி வீட்டுப் பட்டறைக்குப் போவோம். “வாங்க டீச்சர், பிள்ளைங்களை ஓரமா உட்கார வைங்க” என்பார். அதோடு சரி, அவர் வேலையில் மூழ்கிவிடுவார். பாடம் நடத்த மாட்டார். ஆனால் நாற்பது நிமிஷப் பாடவேளையில் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கியதைவிட அந்த மண் தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்துக் கற்றது அதிகம்.

முதலில் ஒரு தென்னை ஓலை. செய்யப் போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளம் என்னும் சிலை அளவுக் கணக்குப்படி மடிப்பார். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று ஒவ்வொரு மடிப்பும் ஓர் அளவு. சாஸ்திரத்தில் உத்தம தச தாளம் என்ற அளவுக்குச் சிலையின் முழு உயரம் 124 அங்குலம் என்று இருக்கிறது. அது நம் ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை. அந்தச் சிலையின் உயரத்தையே பங்கிட்டு வரும் அங்குலம். அரை அடிச் சிலையானாலும் ஆறடிச் சிலையானாலும் விகிதம் மாறாது. கணக்கில் பின்தங்கிய ஒரு பையன் அந்த ஓலையைக் கையில் வாங்கி மடித்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது பின்னம்தானே?” என்று கேட்டான். ஆமாம், பின்னம்தான்.

பிறகு மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. கைச்சூட்டில் இளகும், தண்ணீரில் போட்டால் இறுகும். ஸ்தபதி பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரலையும் சூடு காட்டிய சின்னக் கரண்டியையும் வைத்தே மூக்கையும் விரல் நகத்தையும் உருவாக்குவார். மெழுகு உருவம் முடிந்ததும் அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை அரைத்துக் குழைத்து மெல்லப் பூசுவார்கள். மையைப் போல நைஸாக இருக்கும் அந்த முதல் பூச்சுதான் மெழுகில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது காய்ந்ததும் அடுத்த பூச்சு, அதற்கு மேல் மணல் கலந்த முரட்டு மண், அதற்கும் மேல் கம்பிக் கட்டு. வரட்டி அடுக்கிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் மிஞ்சும். அதில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

ஊற்றும் நாளில் ஒருமுறை நாங்கள் அங்கே இருந்தோம். “வாசப்படியைத் தாண்டாம நில்லுங்க பிள்ளைங்களா, ஊத்துறப்ப சத்தம் போடக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அச்சு, வாய் மேலே தெரியும்படி குழிக்குள் புதைந்திருந்தது. இரண்டு பேர் உலோகம் உருக்கிய மூசையை இடுக்கியில் தூக்கிக்கொண்டு வர, மூன்றாமவர் ஒரு குச்சியால் கசடை ஒதுக்கிப் பிடிக்க, உலோகம் நூல் பிடித்தாற்போல இறங்கியது. நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சிலையில் விரிசல் விழும். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முந்தின நாள் ஊற்றி ஆறியிருந்த இன்னோர் அச்சை அன்றைக்கே சுத்தியலால் உடைத்தார்கள். கன்னங்கரேலென்று, உலோகம் பாய்ந்த குழாய்த் தண்டுகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்க, ஓர் அம்மன் வெளியே வந்தாள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “இந்த அச்சை வச்சு இன்னொண்ணு செய்ய முடியாதா?”

“முடியாதும்மா. இது உடைஞ்சாத்தான் அவ வெளியே வருவா. அடுத்ததுக்கு மறுபடி மெழுகுலேர்ந்து ஆரம்பிக்கணும்.”

ஓர் அச்சுக்கு ஒரே சிலை. அதற்குப் பிறகு உளியும் அரமும் பிடித்து வாரக்கணக்கில், பெரிய சிலையென்றால் மாதக்கணக்கில் செதுக்கு வேலை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பேரம் பேசும் விதமே மாறிவிடுகிறது. சென்னையிலிருந்து வந்த என் உறவினர்கள், சின்னப் பிள்ளையாருக்குச் சொன்ன விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்கள், பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிப் போனார்கள். அதே உறவினர்கள் முந்தைய பயணத்தில் வண்டிக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்ட ஒரு பெரிய கடையில் அதைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். எந்த ஊரில், யார் கையால் செய்தது என்று அந்தக் கடையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்படி இறக்கிவிடும் வண்டிக்குக் கமிஷன் உண்டு என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கமிஷனையும் வாங்குகிறவர்தான் சுமக்கிறார். வார்த்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போவதில்லை.

2023-ல் டெல்லியில் ஜி20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்துக்கு முன்னால் நிறுத்திய 27 அடி நடராஜர் சுவாமிமலையில் உருவானவர். அவர் லாரியில் ஏறிப் போனதை நாடே பார்த்தது. ஆனால் அவர் பிறந்த தெருவுக்குள் நுழைந்து பார்க்க ஒரு வெளியூர்க் குடும்பத்துக்கு இன்றைக்கும் வழி தெரியாது. சாமி கும்பிட வரும் கூட்டத்தில் எத்தனையோ பேர், பின் தெருவில் உளிச் சத்தம் கேட்டும் அது என்னவென்று தெரியாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

சுவாமிமலை மட்டும் இல்லை. நாச்சியார்கோவிலுக்குக் கல் கருடனைச் சேவிக்க வருகிறவர்கள், அதே ஊரில் பித்தளையை உருக்கி மண் அச்சில் ஊற்றிக் குத்துவிளக்கு செய்வதையும் பார்த்துவிட்டுப் போகலாம். பாதம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் போட்டு, மரை வெட்டி, ஒன்றோடொன்று திருகிப் பூட்டுகிறார்கள். கடைசல் போடும்போது பித்தளை தங்கச் சுருளாகச் சுருண்டு விழும். என் மாணவிகள் அதைப் பொறுக்கிக் காதில் மாட்டிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திருப்பனந்தாள் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலில் தொங்கவிடும் குழல் வடிவத் துணிகளான தொம்பைகளுக்கும், மேலே கட்டும் விதானங்களுக்கும் கலம்காரி என்னும் துணிச் சித்திரம் எழுதுகிறார்கள். அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரின் பெயரால் 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது.

நரசிங்கம்பேட்டையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடுதுறையை அடுத்த ஊர். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு, சுத்த மத்யமம் என்ற சுரம் சரியாகப் பேசும் பாரி நாயனத்தை, அதாவது நீண்ட வகை நாகஸ்வரத்தை, செய்து கொடுத்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. இன்று கல்யாணத்திலும் கோயிலிலும் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த நாயனத்தைத்தான். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் பழைய மரம். இடித்த வீடுகளின் உத்தரம், தூண், நிலை என்று தேடி வாங்கி வந்து, வெளிப்புறம் கடைந்து, உள்ளே நீளத் துளை இடுகிறார்கள். மேலே குறுகி, கீழே விரிந்துகொண்டே போகும் துளை. அதில் ஒரு நூல் பிசகினாலும் சுரம் தப்பும். துளைத்து முடித்ததும், வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பொருத்தி ஊதிப் பார்த்து, மறுபடி சுரண்டி, மறுபடி ஊதிப் பார்க்கிறார்கள். ஓர் இசைக்கருவிக்குக் குரல் வருவதை நேரில் கேட்க இதைவிட நல்ல இடம் எது? இந்த வேலையைச் செய்யும் குடும்பங்கள் இன்று மிகச் சிலவே. தஞ்சை மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றும் படிப்பு முடிவதற்குள் ஒரு தடவையாவது அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்படித் திறந்து வைப்பது நடைமுறையில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மேற்கு வங்கத்தைக் காட்டலாம். மேதினிப்பூர் பக்கம் பிங்களா வட்டாரத்தில் நயா என்று ஒரு சின்ன ஊர். அங்கிருக்கும் பட்டுவா ஓவியர்கள் முஸ்லிம்கள். இராமாயணக் கதைகளையும் பாம்புத் தெய்வமான மனசா தேவி கதையையும் நீண்ட சுருளில் வரைந்து, சுருளை அவிழ்த்துக்கொண்டே பாடுவார்கள். 2010 முதல் ஆண்டுதோறும் விழா நடத்தி, தங்கள் வீடுகளையே காட்சிக்கூடமாக்குகிறார்கள். வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள், பூவிலும் இலையிலும் நிறம் எடுப்பதைப் பார்க்கிறார்கள், வரைந்தவர் கையிலேயே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊர்களில் இல்லாதது எதுவும் அங்கே இல்லை.

பட்டறைக்காரர்களிடம் இதைப் பேசிப் பார்த்தேன். அவர்கள் சொன்ன தயக்கங்கள் நியாயமானவை. கூட்டம் வந்தால் வேலை கெடும். உலைக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் ஓடினால் ஆபத்து. போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அதே வடிவத்தை வேறு எங்காவது மட்ட உலோகத்தில் செய்து விற்றுவிடுகிறார்கள். “பார்க்க வர்றவங்க பார்த்துட்டுப் போயிடுவாங்க டீச்சர், அன்னைய கூலியை யார் தர்றது?” என்று ஒருவர் நேராகவே கேட்டார்.

அவர் கேட்டதற்குத்தான் முதலில் வழி செய்ய வேண்டும். திறந்து வைக்கும் நாட்களுக்குப் பட்டறையில் வேலை செய்யும் எல்லோருக்கும், உதவியாளர்களுக்கும் சேர்த்து, சுற்றுலாத் துறை ஒரு தொகை கொடுக்கட்டும். மேடை, அலங்கார வளைவு, பொன்னாடை எதுவும் வேண்டாம். அந்தச் செலவே போதும். எந்தப் பட்டறை, எந்த நேரம், எத்தனை பேர் என்பதைப் பட்டறைக்காரர்களே முடிவு செய்யட்டும். உலோகம் ஊற்றும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் ஆட்களை நிற்க வைக்கலாம். எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதைச் செய்கிறவர் சொல்லட்டும். வருகிறவர்கள் கேட்டு நடக்க வேண்டும். கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அந்த மாணவர்கள் வழிகாட்டிகளாக நின்றால் பட்டறைக்காரர் உளியைக் கீழே வைக்க வேண்டியதில்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் அது படிப்பு.

நாள் எது என்றால், தை கடைசியும் மாசி முதலும் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மழை விட்டு மண் காய்ந்திருக்கும், சம்பா அறுவடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மாசி மகத்துக்கு ஆண்டுதோறும் கூட்டம் வருகிறது. அதை ஒட்டி வரும் சனி, ஞாயிறு என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் வசதி. கும்பகோணம் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தமிழில் ஒரு வரைபடம் ஒட்டினால் போதும். சுவாமிமலைக்கும் நாச்சியார்கோவிலுக்கும் டவுன் பஸ் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான விழாவாக இது ஆகிவிடக் கூடாது.

இன்னொரு வேண்டுகோள், பெண்களைப் பற்றி. நான் போன பல வீடுகளில் மெருகு போடுவது, மண் சலிப்பது, வந்த ஆர்டரைக் கணக்கில் எழுதுவது எல்லாம் வீட்டுப் பெண்கள். வெளி ஆட்கள் வந்தால் அவர்கள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். பட்டறை வாசலில் பெயர்ப் பலகை வைக்கும்போது அவர்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

மகாமகம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அதற்கு முந்தைய மாசி மகத்திலேயே ஒரு தெருவில், மனமுவந்து முன்வரும் சில பட்டறைகளோடு ஆரம்பித்துப் பார்த்தால், கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பது 2028-க்குள் பழகிவிடும். மாவட்ட ஆட்சியர் மகாமக ஏற்பாடுகளுக்காகக் கூட்டம் கூட்டும்போது வணிகர் சங்கம், விடுதி உரிமையாளர்களோடு இந்த நான்கு ஊர்ப் பட்டறைக்காரர்களையும் அழைத்துப் பேச வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் வரைந்து தரவும், பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் அழைத்துப் போய்க் காட்டவும் நான் தயாராக இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஓவிய ஆசிரியர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.