குழாயைப் பிடுங்கிவிடாதே

வள்ளியூர்
புதன்கிழமை

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. தை பிறந்ததும் ஊரோடு வந்துவிடுகிறோம் என்று எழுதியிருந்ததை வாசலில் நின்றே இரண்டு தரம் படித்தேன். முப்பத்தைந்து வருசம் பம்பாய்த் தண்ணீர் குடித்தவனுக்கு இந்த உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று வீட்டில் கவலைப்படுகிறாள். தண்ணீரை விடு, நீ கேட்டிருப்பது டிவி விஷயம். கேபிளை வெட்டிவிட்டு நெட் மட்டும் வாங்கி, சுவர் நிறைய ஒரு டிவி மாட்டிவிடலாம் என்று மகன் சொல்கிறானாம். டிவியைத் தாராளமாக வாங்கு. 32 இஞ்சுக்கு மேலே உள்ளவற்றுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிவிட்டார்கள். ஆனால் கேபிளை வெட்டும் முன்னால் உன் அம்மா டிவி பார்ப்பதை ஒரு நாள் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு வெட்டு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவது உனக்குத் தெரியும். பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிய அந்த ரிமோட்டில் மூன்று பட்டன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. போட, சத்தம் கூட்ட, அடுத்த சேனல் போக. மற்ற பட்டன்கள் அம்மாவுக்கு இல்லாத மாதிரிதான். நியூஸிலிருந்து சீரியலுக்கு நாலு அமுக்கு, அங்கிருந்து பொதிகைக்கு ஏழு அமுக்கு என்று விரல் கணக்கு வைத்திருக்கிறார்கள். (பொதிகையை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆக்கிவிட்டார்கள். நம் மலையின் பேரை ஏன் எடுத்தார்களோ. அம்மா இன்னும் பொதிகை என்றுதான் சொல்கிறார்கள்.) போன பொங்கலுக்கு உன் பேரன் டிவியில் நெட் படம் வரவைக்கிற ஒரு ஸ்டிக்கைக் கொண்டுவந்து செருகினானே, அது போட்டதும் நாலு மூஞ்சியைக் காட்டி யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டது. "நாந்தாம்ல பாக்கேன், வேற யாரு இருக்கா இங்க" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ரயிலேறின மறுநாளே அதைக் கழற்றி மேசை டிராயரில் போட்டாயிற்று.

ஆகவே எத்தனை சேனல், மாதம் எவ்வளவு என்று கணக்குப் போடாதே. பகலில் வீட்டில் இருப்பது யார், கெட்டுப்போனால் வந்து பார்ப்பது யார், இதைப் பார். கேபிள்காரப் பையன் போன் போட்டால் மதியத்துக்குள் பைக்கில் வந்துவிடுவான். "ஆச்சி, பின்னாடி வயர் களந்திருக்கு" என்று செருகிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவான். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்ததே, அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் இன்றைக்கும் கட்டுபடியாகிற காசுதான். அது மட்டுமா, சுடலைமாடன் கோயில் கொடையை ராத்திரி முழுக்க உள்ளூர் சேனலில் நேரடியாகப் போடுகிறான். முட்டு வலியில் கோயிலுக்குப் போக முடியாத கிழங்கள் எல்லாம் கட்டிலில் படுத்தபடியே வில்லுப்பாட்டு கேட்டது இந்த வருசம். எந்த ஆப் அதைத் தரும்?

குறை இல்லாமல் இல்லை. நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் அவன் கண்ட்ரோல் ரூமிலோ நடுவில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரிலோ கரண்ட் போனால் படம் போய்விடும். பக்கத்தில் கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது, இங்கே மாலையில் கட். நம் தலையெழுத்து.

நான் இரண்டு வருசம் டிஷ் வைத்துப் பார்த்தேன். கம்பெனி பேர் வேண்டாம். படம் துல்லியம்தான், இன்வெர்ட்டரிலும் ஓடும். ஆனால் நம் ஊர்க் காற்று உனக்கு மறந்திருக்காது. சும்மாவா பணகுடியிலிருந்து ராதாபுரம் வரை காற்றாலையாக நட்டுவைத்திருக்கிறான். ஆனி பிறந்தால் டிஷ் தலையை ஆட்ட ஆரம்பித்துவிடும். சாட்டிலைட் நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே டிஷ் விரல்கடை நகர்ந்தால் அங்கே குறி எங்கோ போய்விடுகிறது. டோல் ஃப்ரீயில் கூப்பிட்டால் ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்து, "சார், மாடிக்குப் போய் டிஷ்ஷை லேசா வலது பக்கம் திருப்புங்க" என்கிறாள். ஆடிக் காற்றில், வேட்டியோடு, கைப்பிடிச் சுவரில் ஒரு கால். கீழே நின்று என் வீட்டுக்காரி, "வந்துட்டு, ஐயோ போயிட்டு" என்று கத்துகிறாள். அன்றைக்கே விட்டேன்.

நெட் உனக்கு வேண்டும், அதை மறுக்கவில்லை. கேபிள் பையனே இப்போது ஃபைபர் வயரும் இழுக்கிறான், அதை மாடிக்கு வாங்கிக்கொள். போனிலிருந்து டிவிக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. ஹெச்டியில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 3 ஜிபி தின்னும், நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி பேக் இடைவேளை வரைகூடத் தாங்காது. அப்புறம் கிரிக்கெட். நெட்டில் வருவது கேபிளுக்குப் பின்னால் அரை நிமிசம் தாமதமாகத்தான் வருகிறது. நான் மருமகன் வீட்டில் மேட்ச் பார்த்தேன். பவுலர் இன்னும் ஓடிவந்துகொண்டே இருக்கிறான், அடுத்த வீட்டில் "அவுட்டு" என்று கூப்பாடு. நீ அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு அலைந்தவன், இதைச் சகிக்க மாட்டாய்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. தூர்தர்ஷன்காரன் தருகிற ஃப்ரீ டிஷ் ஒன்றையும் மாட்டி வை. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தரம் வாங்கினால் சரி, மாதச் சந்தா கிடையாது. தமிழ் சேனல் விரல் விட்டு எண்ணத்தான் இருக்கும். ஆனால் 2023 டிசம்பர் மழையை நினைத்துப் பார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த 18-ஆம் தேதி இங்கே செல் டவர் செத்தது, கேபிள் செத்தது. கொட்டுகிற மழையில் டிஷ்ஷும் படம் காட்டாது, துளியே சிக்னலைக் குடித்துவிடும். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் அடுத்த தெரு வாத்தியார் வீட்டில் அதுதான் முதலில் உயிர் பெற்றது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோன சேதியை அங்கே வராந்தாவில் நின்றுதான் பார்த்தோம். போக, இந்தியா ஆடுகிற முக்கியமான ஆட்டங்களைத் தூர்தர்ஷனுக்கும் பகிர்ந்தாக வேண்டும் என்று 2007-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஐபிஎல் வராது, அதற்கு அம்மா ரூமுக்கு இறங்கி வந்துவிடு. சீரியல் நேரமாக இருந்தால் உன் பாடு.

டிஷ் மாட்ட புதிதாகக் கம்பி வாங்காதே. உங்கப்பா இலங்கை டிவி ரூபவாஹினிக்காக நட்ட இரும்புக் குழாய் மாடியில் அப்படியே நிற்கிறது. இலங்கைக்காரன் 1982-இல் ஆரம்பித்தான், சுமார் 380 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பிதுருதலாகலை மலையிலிருந்து வருகிற படத்தை உங்கள் முற்றத்தில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. புள்ளி புள்ளியாக ஆடும், சிங்களம் ஒரு எழுத்து புரியாது, யாரும் எழுந்து போனதில்லை. நீ மேலே பைப்ரெஞ்சோடு நிற்பாய், நான் வாசலில் நின்று குரல் கொடுப்பேன். கோடைக்கானல் டவர் வந்த பிறகுதானே ஆண்டெனாவை வடக்கே திருப்பினோம். இப்போது அந்தக் குழாயில் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார்கள். போன ஞாயிறு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அடியில் நாம் கொட்டின கான்கிரீட் அப்படி. இந்தக் காற்றுக்கு அதுதான் சரி.

ஃப்ரீ டிஷ் சாட்டிலைட் எங்கே நிற்கிறது என்று வாத்தியாரிடம் விசாரித்தேன். 93.5 டிகிரி கிழக்கு. இங்கிருந்து பார்த்தால் கிழக்கே கொஞ்சம் தெற்கு ஒதுங்கி, பதினொரு மணிச் சூரியன் உயரத்தில். கைப்பிடிச் சுவரில் உங்கப்பா இலங்கைக்கென்று சிவப்புப் பெயிண்டில் போட்ட அம்புக்குறி மங்கலாகத் தெரிகிறது. அதே திசைதான், சங்கரா. டிஷ் மாட்ட வருகிறவனுக்கு அதைக் காட்டு, அண்ணாந்து வைப்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். டிக்கெட் போட்டதும் எழுது.

உன்,
முத்து