மகாபொல விண்ணப்பமும் அரைப் பேரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல புலமைப்பரிசில் 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டதை, மலையகத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் எவரும் மகிழ்ச்சியுடனேயே வரவேற்றிருப்பர். ஆனால், அந்தப் பணத்துக்கு உரியவர் யார் என்று தீர்மானிக்கும் வருமானச் சான்றிதழ் தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்வதில்லை என்பதை, முப்பது ஆண்டுகள் தோட்டப் பாடசாலையில் கற்பித்தவன் என்ற வகையில் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

என்னிடம் படித்த மாணவியொருத்தி கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, சான்றிதழ் பெறுவதற்காகத் தன் தாயுடன் அலுவலகம் சென்றபோது நானும் உடன் சென்றேன். அங்கே, அப்போது நாட்சம்பளமாக இருந்த 1,350 ரூபாவை 25 ஆல் பெருக்கி, வேலை செய்பவர் இருவர் என்பதால் அதை இரட்டித்து, பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிட்டு, ஆண்டு வருமானம் 8,10,000 ரூபா என எழுதினார்கள். கணக்கில் பிழையில்லை, ஆனால் எந்தத் தோட்டத்திலும் அப்படியொரு சம்பளம் எவர் கைக்கும் வருவதில்லை.

அந்தத் தாயின் அம்மாதச் சம்பளத் துண்டில் இருந்தவை 13 முழுப் பேரும் (முழு நாட்சம்பளம்) 6 அரைப் பேரும் (பாதி நாட்சம்பளம்) மட்டும்தான். வரட்சியால் தேயிலைக் கொழுந்து குறைந்து, நிர்ணயித்த கிலோ எடுக்க முடியாத நாட்களுக்கு அரைப் பேரே விழும் என்பதை மலையக வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அலுவலகங்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு கிடைத்த 21,600 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதம் கழிந்தால் 19,872 ரூபா. அதிலும் தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கடைக் கடன் ஆகியன போக வீட்டுக்கு வந்தது 15,000 ரூபாவுக்குச் சற்று அதிகம். கடனை வருமானக் குறைவாகக் கொள்ள முடியாது என்று அதிகாரி சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளலாம். வேலையே வழங்கப்படாத நாளுக்கும் சம்பளம் வந்ததாக எழுதுவதை எப்படி ஏற்பது?

அரச ஊழியரின் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அவரது மாதச் சம்பளம் மழையையோ வெயிலையோ பார்த்து மாறுவதில்லை. 1981 இல் தொடங்கப்பட்ட மகாபொல நிதியத்துக்கு லொத்தர் வருமானமும் போய்ச் சேர்கிறது. தோட்டத்துச் சந்தியில் லொத்தர் சீட்டு வாங்குபவர்களும் அதற்குக் காசு கொடுத்தவர்களே.

பரிகாரம் பெரிய செலவுக்குரியதன்று. ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வொரு நாளும் தோட்டத்துச் செக்ரோலில் (வேலைநாள் பதிவேட்டில்) பதிவாகியிருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளத் துண்டுகளையோ, தோட்ட நிர்வாகம் உறுதிப்படுத்தித் தரும் அவற்றின் மொத்தத்தையோ வைத்தே நாட்கூலி பெறுவோரின் ஆண்டு வருமானத்தை எழுத வேண்டும் என்று கிராம உத்தியோகத்தர்களுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

புலமைப்பரிசிலின் முதல் தவணைப் பணம், விரிவுரைகள் தொடங்கிப் பல மாதங்கள் கழித்தே வருவது வேறொரு குறை. அதுவரை தாயின் தோடு அடகுக் கடையில் இருக்கும். அதைப் பற்றித் தனியே எழுதலாம். சுற்றறிக்கையையாவது அடுத்த விண்ணப்பம் கோரப்படுவதற்கு முன்னர் வெளியிடுமாறு உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பொகவந்தலாவை.