நூலகரையும் வகுப்பறைக்கு அழையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்பனில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மூன்று வாரமாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த கஷாயக் குறிப்பை நம்பியதுதான் காரணம். கால் புண் ஆறாமல் போன பிறகே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு தகவலை எழுதியவர் யார், எப்போது எழுதினார், ஆதாரம் என்ன என்று பார்க்க அவருக்கு யாருமே சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தரத் தெரிந்தவர் நூலகர்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவமனைகளில் இப்போது 14 இலக்க ஆபா எண் (டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) கேட்கிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் மருத்துவத் தகவல்களைச் சேர்த்துவைத்து, தேடிப் பயன்படுத்தும் துறையான மருத்துவத் தகவலியல் என்றாலே கணினிப் பாடம் என்று நினைத்துவிடுகிறோம். சர்க்கரை, நீரிழிவு, டயாபடீஸ் எல்லாம் ஒரே நோய். எந்தச் சொல்லில் தேடினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது நூலகக் கலை. மருத்துவக் கட்டுரைகளைத் தேட உலகமே பயன்படுத்தும் ‘மெஷ்’ சொல்தொகுதியை 1960இல் வெளியிட்டதே அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம்தான்.

மருத்துவ, செவிலியர் மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது நூலகர் பாடம் எடுக்கட்டும். அப்புறம், கடற்கரை ஊர்களின் கிளை நூலகர்களுக்கும் இதில் பயிற்சி கொடுங்கள்.

– ஒரு வாசகி, பாம்பன்