கடலோர விதைக் கிடங்குக்கு உங்கள் பங்கு வேண்டும்

நண்பர்களே, நேராக விஷயத்துக்கு வருகிறோம். வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊர்களில் சிறு விவசாயிகளும் குத்தகைக்காரர்களும் சேர்ந்து நடத்தும் பாரம்பரிய விதை நெல் கிடங்குக்கு மேடான இடத்தில் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும், விதைப் பெருக்கத்துக்கு இரண்டு ஏக்கரை மூன்று வருடக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய் ஆகும். ஊருக்குள் வசூலித்தது இரண்டு லட்சத்தைத் தொட்டிருக்கிறது, மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியபோது தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராதது வயலுக்குள் புகுந்த உப்பு. அந்த உப்பு ஒரு மழையில் கழுவிப் போய்விடாது. அது இல்லாமலே இங்கே நிலத்தடி நீர் உவர்ந்துகொண்டு வருகிறது, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எங்கள் கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வந்தால் உண்டு இல்லையென்றால் இல்லை, அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்து இளம்பயிரை மூழ்கடித்துவிடும். இந்த மண்ணில் உப்பையும் தாங்கி வெள்ளத்தையும் தாங்கி நிற்கிற நெல் எது என்று எங்கள் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்திருந்தது: களர்நிலத்துக்குக் குழியடிச்சான், களர்பாலை, தண்ணீர் தேங்கும் பள்ளக்காலுக்கு மடுமுழுங்கி.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. டெல்டாவில் இன்று வெள்ளம் தாங்கும் என்று நடுகிற சி.ஆர். 1009 சப் 1 ரகத்துக்கு அந்தக் குணம் வந்தது ஒடிசா விவசாயிகள் காப்பாற்றி வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து. அந்த விதை அன்றைக்கே அழிந்திருந்தால் ஆராய்ச்சி நிலையம் எதை எடுத்து ஒட்டுச் சேர்த்திருக்கும்?

நம் பக்கம் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன், கஜா அடித்த மூன்றே வாரத்தில் காலமானார். இரண்டு கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் வைத்த ஏற்பாட்டைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம்.

நெல் விதையைப் பூட்டி வைத்து மறந்துவிட முடியாது. இந்தக் கடல் காற்றில் ஒரு வருடம் போனாலே முளைப்புத்திறன் இறங்கிவிடும், அதனால் ஒவ்வொரு ரகத்தையும் வருடா வருடம் விதைத்தாக வேண்டும். கதிர் வரும் நேரத்தில் வயலில் இறங்கி உயரத்திலோ நிறத்திலோ மாறி நிற்கிற கலவனைப் பிடுங்கி எறிந்து, அறுத்து, பதமாகக் காயவைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் பெண்கள் செய்கிற வேலை. இப்போது வைத்திருப்பது வாடகை வீட்டின் ஒரு அறையில்; பெருமழை வந்தால் மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றிவிட்டு ராத்திரி முழுக்க ஆள் காவல் இருக்கிறோம். குத்தகை நிலம் கேட்பதும் கட்டடம் கேட்பதும் இதனால்தான்.

அரசாங்கம் செய்யட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். செய்ய வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கில், பெயர் இல்லாத குத்தகைக்காரருக்கு நிவாரணமும் காப்பீடும் சுலபத்தில் வந்து சேர்வதில்லை. இதற்கு மேலே இன்னொரு அநியாயம் இருக்கிறது. ஒரு அமெரிக்கர் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு வெளியிடுகிறார், ஒரு இந்தியர் சுமார் 2 டன். இந்த வாயுவால் பருவநிலை மாறி ஏழை நாடுகளுக்கு வரும் இழப்பை ஈடுகட்ட ஒரு நிதி வேண்டும் என்று 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் முடிவாகி, அடுத்த வருடம் துபாயில் பணக்கார நாடுகள் தருவதாகச் சொன்னது சுமார் 70 கோடி டாலர், அதுவும் உலகத்துக்கே சேர்த்து.

வர்த்தக விதியைப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஆதரவு விலைக்கு நெல் எடுத்து ரேஷனில் அரிசி கொடுப்பதை உலக வர்த்தக அமைப்பு மானியமாகக் கணக்கிடுகிறது, அந்தக் கணக்குக்கு அளவுகோல் 1986–88 காலத்துச் சர்வதேச விலை! உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால் விதிமீறல். 2013இல் பாலியில் நடந்த அந்த அமைப்பின் மாநாட்டில், இதற்காக வழக்குப் போடுவதில்லை என்று தற்காலிகமாக ஒரு பாதுகாப்புக் கிடைத்தது, நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பழைய விலையை வைத்து இன்றைய விவசாயியின் வயிற்றை அளப்பது எந்த ஊர் நியாயம்? இதை எதிர்த்துப் பேசுகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் போகிறோம், போவோம். ஆனால் விதைப்பு அதுவரை காத்திருக்காது.

பணம் பற்றிச் சில வார்த்தை. நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. மாதாமாதம் வரவு செலவை எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுகிறோம், வெளியூர்க்காரர்களுக்கு அதைப் படம் எடுத்து அனுப்புவோம். விதை, பூச்சிமருந்து கம்பெனிகளிடம் நன்கொடை வாங்க மாட்டோம், எவ்வளவு கொடுத்தாலும் சரி. கல்வெட்டில் கொடையாளர் பெயர் பொறிக்கிற வழக்கமும் இல்லை.

ஆவணியில் புழுதி விதைப்பு, அதாவது காய்ந்த மண்ணில் நேரடியாக விதைப்பது, தொடங்கிவிடும், அதற்குமுன் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும். ஆகவே ஆடி முடிவதற்குள் அனுப்புங்கள். மொத்தமாக முடியாதவர்கள் தவணையாகத் தரலாம். பணத்துக்கு வழியில்லை என்றால் தார்ப்பாய், நல்ல சணல் சாக்கு, பழைய தராசு, இரண்டு நாள் கொத்தனார் வேலை எதுவானாலும் சொல்லுங்கள். வீட்டில் யாரிடமாவது பழைய நாட்டு நெல் ஒரு படி இருந்தால் தயவுசெய்து அரைத்துவிடாதீர்கள், முதலில் எங்களிடம் காட்டுங்கள்.