பனகல் பூங்காவுக்குக் கல்லறைக் கல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்பட்டுவிட்ட யாஹூ மெசஞ்சர் அரட்டைச் செயலியையும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரையும் நினைத்து உருகிய உங்கள் கட்டுரையை நானும் உருகித்தான் படித்தேன். என் கவலை எங்கள் பனகல் பூங்காவைப் பற்றியது; ஆனாலும் உங்கள் கட்டுரையிலிருந்தே தொடங்குகிறேன். மணிக்கு 30 ரூபாய் கொடுத்து, பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள் முடங்கி உட்கார்ந்து உலகத்தைப் பார்த்த தலைமுறை என்னுடையது. ஆனால் கட்டுரையாளர், தமிழில் படிக்க நாம் பட்ட பாட்டை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டார். அன்று தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் முதலில் வந்து நிற்கும். தமிழ் எழுத்தைக் கணினியில் குறிக்க அன்று ஆளுக்கொரு குறியாக்க முறை. இது திஸ்கியா, டாபா, யூனிகோடா என்று கண்டுபிடித்து, அதற்குரிய எழுத்துருவை இறக்கி, சென்டர்க்காரரிடம் கெஞ்சி நிறுவி முடிப்பதற்குள் அரைமணி நேரக் காசு போய்விடும். ஒரு குறியாக்கத்தை இன்னொன்றாக்கித் தரும் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி எடுத்தால்தான் சில பக்கங்கள் வாய் திறக்கும். பிறகு ஈ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் வந்தது. ரோமன் எழுத்தில் தட்டத் தட்டத் தமிழ் விழுவதைப் பார்த்துப் பக்கத்துத் தடுப்பிலிருந்தவர் எழுந்து வந்து நின்றார். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் யாஹூ குழுமங்களில் இரவெல்லாம் இலக்கியச் சண்டை. 2004இல் வலைப்பதிவுகளைத் திரட்டித் தரும் தமிழ்மணம் தளம் வந்த பிறகு, யார் யாரைத் திட்டி எழுதியிருக்கிறார்கள் என்று காலையில் அங்கே ஒரு நோட்டம்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த மென்பொருள்களில் ஒன்றுகூட எனக்குத் திரும்ப வேண்டாம். எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தபோது, தென்கொரியாவின் கியோங்ஜு நகரில் ஒரு மென்பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே செய்து வைத்தார். மற்ற பிரவுசர்களை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாக இருந்தது என்று அதில் பொறித்தும் வைத்தார். அந்தக் கேலி பொருத்தமானதுதான். திஸ்கி போய் யூனிகோடு வந்ததில் அழ என்ன இருக்கிறது? இன்று என் பேத்தி கைப்பேசியில் பேசினாலே அது தமிழில் எழுதிக்கொள்கிறது. அழ வேண்டுமானால் யாஹூ குழுமங்களுக்காக அழலாம். 2020 டிசம்பர் 15 அன்று அவை முற்றிலும் மூடப்படுவதற்கு முன்பே, பல ஆண்டு மடல்களை நிறுவனம் அழித்துவிட்டது. சேமித்து வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் எழுதியதெல்லாம் போனது போனதுதான்.

கட்டுரையில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. நான் பேனாவை எடுத்ததே அதற்காகத்தான். திரையில் புனைபெயர்களில் முட்டிக்கொண்டவர்கள் நேரில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. கையில் காசில்லாதவர்களும், ஓட்டலில் இரண்டு காபிக்கு மேல் உட்கார்ந்தால் முறைக்கப்படுபவர்களும்தான் எங்களில் பாதிப் பேர். தியாகராய நகர் வெங்கட்நாராயணா சாலையில் இருக்கும் நடேசன் பூங்காதான் எங்களுக்கு இடம் கொடுத்தது. அங்கே பல வலைப்பதிவர் சந்திப்புகள் நடந்தன. நுழைவுச் சீட்டு கிடையாது, மின்விசிறியும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, எழுத்தில் கடித்துக் குதறிக்கொண்டவர்கள் கடலைப் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள். மாலை இருட்டியதும் காவலாளி விசில் ஊதும்வரை பேச்சு ஓயாது. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் பெரும்பகுதி செத்துவிட்டது. அந்தப் பூங்கா இன்னும் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இருப்பதை எவ்வளவு எளிதாக இழக்கலாம் என்பதற்குச் சென்னையில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. செனாய் நகர் திரு.வி.க. பூங்காவை 2011இல் மெட்ரோ ரயில் பணிக்காக மூடினார்கள். பத்தாண்டுக்கும் மேல் அந்த வட்டாரக் குழந்தைகளுக்குப் பூங்கா என்பதே இல்லை. ஏழு வயதில் ஊஞ்சலுக்கு ஏங்கிய பிள்ளை, கதவு மறுபடி திறந்தபோது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய பூங்கா பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இருப்பது ரயில் நிலையத்தின் கான்கிரீட் கூரை. அதன் மேல் பரப்பிய மண்ணில் புல் வளரும், பூச்செடி வளரும். வெட்டப்பட்ட பெருமரங்கள் வேர்விட்ட ஆழத்துக்கு எங்கே போவது?

இப்போது எங்கள் முறை. தியாகராய நகரை 1920களில் அமைத்தபோது நடுநாயகமாக விட்ட பனகல் பூங்காவின் ஒரு பகுதி, மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தகரத் தடுப்புக்குள் போனது. நான் மெட்ரோவுக்கு எதிரியல்லன். இந்தக் கடைத்தெரு நெரிசலில் தினமும் நசுங்குபவனுக்கு அது வந்தால் நிம்மதிதான். எனக்குள்ள பயம் வேறு. வேலை முடிந்து தடுப்பை அகற்றும்போது, எடுத்த நிலம் முழுவதும் மண்ணாகத் திரும்பி வருமா? அல்லது காற்றுப்போக்கிக் கட்டடம், வாகன நிறுத்தம், நாலைந்து கடைகள் போக மிச்சமிருக்கும் துண்டுக்கு வண்ணவிளக்கு மாட்டி, 'நவீனப்படுத்தப்பட்ட பூங்கா' என்று ரிப்பன் வெட்டுவார்களா? பூங்காவையும் மென்பொருள் போல அவ்வப்போது புதிய பதிப்பாக வெளியிட வேண்டும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நகரில் எந்தப் பூங்காவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். டைல்ஸ் நடைபாதை, செயற்கை நீரூற்று, நீரூற்று பழுதான பின் அதே இடத்தில் ஓர் அறை. மண் தெரியும் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959இலேயே வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும், அரசின் முன் அனுமதியின்றி அவற்றை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டத் தூக்கிக் கொடுத்தபோது, அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வென்றவர்கள் பெரிய அமைப்பு எதுவுமல்லர், அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு கோரிக்கை. மூடிய செயலிகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய நீங்கள், மூடாத பூங்காக்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். பனகல் பூங்காவிலிருந்து எடுத்த நிலம் எத்தனை சதுர அடி, எப்போது திரும்பும், அதில் எவ்வளவு மண்ணாகவே திரும்பும் என்பதை உங்கள் செய்தியாளர் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கி அச்சிடட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்களும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பதில் வந்தால் நகலை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தியாகராய நகர், சென்னை – 17